மூன்று சக்கரத்தில் ஏறுகிறீர்களா? ஆட்டோக்காரரைப் பாருங்கள்

வண்டிக் கேள்வி, வண்டி பதில்
இந்த இதழில் பெங்களூரு வாசகர்களின் மூன்று சக்கரக் கேள்விகள்

34 வருடங்களாக இரண்டு சக்கரம்தான் ஓட்டுகிறேன். இப்போது புல்லட். வலது முழங்காலில் மாற்று அறுவை சிகிச்சை ஆன பிறகு, சிக்னலில் வண்டியைத் தாங்கி நிற்கப் பயமாக இருக்கிறது. அடுத்த மாதம் கலிஃபோர்னியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். அங்கே ஒரு ஷோரூமில் கேன்-ஆம் ஸ்பைடர் என்கிற மூன்று சக்கர பைக்கை டெஸ்ட் ரைடு எடுத்துப் பார்க்கலாம் என்கிறார் மாப்பிள்ளை. "விழாத வண்டிக்கு என்ன பயிற்சி வேண்டிக் கிடக்கு?" என்கிறாள் மனைவி. தெரிந்துகொண்டு போக வேண்டியது ஏதாவது உண்டா?
– வாசகர், ஜீவன்பீமாநகர்

நிறைய உண்டு. முதலில் உங்கள் முழங்கால். ஸ்பைடரில் கையில் பிரேக் லீவரே கிடையாது. மூன்று சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பெடல், அதுவும் வலது காலில். சிக்னலில் காலூன்ற வேண்டாம் என்பது லாபம். ஆனால் 400 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை நிறுத்தும் வேலை முழுக்க அறுவை சிகிச்சை ஆன காலுக்குப் போகிறது. வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் வைத்து, சுவரில் சாய்த்த பலகையை முன்பாதத்தால் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பத்து முறை. ஏழாவது முறையே கால் நடுங்கினால் டெஸ்ட் ரைடைத் தள்ளிப்போடுங்கள். நடுங்காவிட்டாலும் அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம் "ஓட்டலாமா" என்று மொட்டையாகக் கேட்காமல், "வலது காலால் திடீர் பிரேக் அழுத்தலாமா" என்று கேளுங்கள்.

அடுத்தது ஹேண்டில். 34 வருடப் பழக்கம் உங்களுக்கு எதிராக வேலை செய்யும் இடம் இதுதான். இரண்டு சக்கர வண்டி கொஞ்சம் வேகம் பிடித்த பிறகு, இடது பக்கம் திரும்ப நீங்கள் செய்வது என்ன? இடது கைப்பிடியை லேசாக முன்னே தள்ளுகிறீர்கள். ஹேண்டில் ஒரு கணம் வலப்பக்கம் போகிறது, வண்டி இடப்பக்கம் சாய்கிறது, சாய்ந்த பக்கம் திரும்புகிறது. இதைச் செய்கிறோம் என்று தெரியாமலே ஆயுள் முழுக்க ஓட்டியவர்கள்தான் அதிகம். ஸ்பைடர் சாயாத வண்டி. ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ அந்தப் பக்கம்தான் போகும். இடது கையைத் தள்ளினால் வண்டி வலப்பக்கம் ஓடும். நிதானமாக ஓட்டும்போது இதை ஐந்து நிமிடத்தில் பழகிவிடலாம். எதிரே திடீரென்று ஒன்று வந்தால் கை பழைய பாடத்தைத்தான் ஒப்பிக்கும். தப்பிக்க நினைத்த பொருளின் மேலேயே போய் மோதுவது இப்படித்தான்.

மனசுக்குள் ஒரே வாக்கியம் போதும்: வெளிக் கையால் தள்ளு, உள் கையால் இழு. இடது திருப்பத்தில் வெளிக் கை என்றால் வலது கை. கூடவே இடுப்புக்கு மேலே உள்ள உடம்பைத் திருப்பத்தின் உள்பக்கம் சாய்க்க வேண்டும். வண்டி சாயாததால் உடம்பு வெளியே தள்ளப்படும். அதைத் தாங்க ஹேண்டிலைப் பிடித்துத் தொங்கினால், அந்த இழுப்பே ஹேண்டிலைத் திருப்பிவிடும். தொடையால் சீட்டின் முன்பகுதியைக் கவ்வி, முழங்கைகளைத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் பார்க்க கலிஃபோர்னியா போக வேண்டியதில்லை. இந்திராநகர் 100 அடி ரோட்டில் ஓர் ஆட்டோவுக்குப் பின்னால் நின்று கவனியுங்கள். திருப்பம் வரும்போது டிரைவர் சீட்டில் உள்பக்கமாக நகர்ந்து உட்காருவார். முன் பிரேக் லீவர் அவருக்கும் இல்லை, வலது கால் பெடல்தான். ஹேண்டில் பார், மூன்று சக்கரம், ரிவர்ஸ் எல்லாம் அவரிடமும் உண்டு. சிக்னலில் அவர் காலை வெளியே நீட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்பைடருக்கு இந்த ஊரில் ஆசிரியர் வேண்டுமென்றால் அவர் காக்கிச் சட்டைக்காரர்தான். தெரிந்த ஆட்டோக்காரர் இருந்தால், பீன்யா பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் ஏதாவது தொழிற்சாலை வளாகத்துக்குள், அந்த வளாகத்தின் உரிமையாளர் அனுமதியோடு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பொது ரோட்டில் வேண்டாம். ஒரு வித்தியாசம் உண்டு: ஆட்டோவில் ஒற்றைச் சக்கரம் முன்னால், ஸ்பைடரில் பின்னால். ஹேண்டில் பாடம் இரண்டுக்கும் ஒன்றே.

டெஸ்ட் ரைடு அன்று என்ஜினை ஆன் செய்யும் முன் ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். ஹேண்டிலை இரண்டு ஓரமும் முழுக்கத் திருப்பி, வெளிக் கை எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாமல் விரல் நுனியில் பிடித்தால், குறுகலான திருப்பத்தில் ஆக்ஸிலரேட்டர் உங்கள் கையில் இருக்காது. பார்க்கிங் பிரேக், ரிவர்ஸ் இரண்டும் எங்கே என்று கேளுங்கள். சைடு ஸ்டாண்டு கிடையாது, சரிவில் நிறுத்தினால் பார்க்கிங் பிரேக்தான். கிளட்ச்சும் இல்லை. மேல் கியர் இடது கட்டைவிரலில். வேகம் குறைந்தால் கீழ் கியருக்குத் தானே இறங்கிவிடும். நிற்கும்போது இடது கை கிளட்ச்சைத் தேடும், வலது கை பிரேக்கைத் தேடும். தேடட்டும், இரண்டையும் கைப்பிடியிலேயே வையுங்கள்.

பிறகு பார்க்கிங் இடத்தில் 15 கி.மீ. வேகத்தில் நேராகப் போய் நிற்பது. பத்து முறை, பத்து முறையும் பாதம் மிதியை விட்டு நகராமல். உடம்புக்குப் புரிய வேண்டியது இதுதான். ஓடும் வண்டியிலிருந்து ஊன்றிய கால் தரையில் மாட்டி முறுக்கிக்கொள்ளும். புது மூட்டுக்கு அது ஆகாது. அடுத்து சுமார் 10 மீட்டர் ஆரமுள்ள வட்டம், 15 கி.மீ.யில் ஆரம்பித்து 20 வரை, இரண்டு திசையிலும். 20-லிருந்து 25-க்குத் தாண்டுவது ஐந்து கி.மீ.தானே என்று தோன்றும். வெளியே தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். அதற்கு மேல் ஏற்றினால் உள்பக்கச் சக்கரம் லேசாகும். ஸ்பைடரின் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் அப்போது என்ஜின் சக்தியைக் குறைத்து, பிரேக்கையும் தானே போடும். திருப்பத்தில் வண்டி 'செத்துப்போன' மாதிரி இருக்கும். பழுது இல்லை. உங்கள் வேகம் அதிகம் என்று வண்டி சொல்கிறது.

கடைசியாக 40 கி.மீ.யிலிருந்து நேர்க்கோட்டில் முழு பிரேக். இதைச் செய்யாமல் ரோட்டுக்குப் போகாதீர்கள்.

ரோட்டில் ஒரு விஷயம். இரண்டு சக்கரத்துக்கு ஒரே தடம், ஸ்பைடருக்கு மூன்று. அகலம் சுமார் 1.5 மீட்டர், நம் ஆட்டோவை விட ஒரு சாண் அதிகம். முன் சக்கரங்கள் இரண்டும் கண்ணெதிரே தெரியும், ஏமாற்றுவது பின்னால் இருப்பது. குழியை இரண்டு முன் சக்கரங்களுக்கு நடுவே விட்டால் பின் சக்கரம் நேராக அதில் இறங்கும். லேனின் நடுவில் எண்ணெய் சொட்டிய கறுப்புப் பட்டையிலும் அதுதான் ஓடும். அங்கே வலப்பக்கம் ஓட்டுவதால், ரோட்டின் சரிவு வண்டியை வலது ஓரத்துக்கு இழுக்கும். சாய்கிற வண்டியில் இது தெரியவே தெரியாது, இதில் கை வலிக்கும்.

லைசென்ஸ்: கலிஃபோர்னியாவில் மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் கார் லைசென்ஸ் வகுப்பில் வருகிறது. இந்திய லைசென்ஸில் உங்களுக்கு கார் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு லைசென்ஸுக்கு ஷோரூமின் இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்கிறதா என்று மாப்பிள்ளையை முன்கூட்டியே போனில் கேட்கச் சொல்லுங்கள். தலைக்குப் பழகிய ஹெல்மெட்டை இங்கிருந்தே எடுத்துப்போவதாக இருந்தால், அதில் அமெரிக்காவின் டி.ஓ.டி. தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத ஹெல்மெட் அங்கே சட்டப்படி செல்லாது.

மெக்கானிக் ஒருவர் என் 350 சிசி வண்டிக்குப் பின்னால் இரண்டு சக்கரம் வைத்துத் தருகிறேன் என்கிறார். ஏற்கெனவே அப்படிச் செய்த வண்டியை ஓட்டிப் பார்க்கவும் தருகிறார். ஓட்டும்போது எதைக் கவனிக்கணும்?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

ஓட்டுவதற்கு முன்பு சட்டம். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான மாற்றம் தனி வகை. அது இல்லாமல், ஆர்.டி.ஓ. ஒப்புதலும் இல்லாமல் செய்தால், விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். "எல்லாரும் பண்றாங்க சார்" என்பது பதில் ஆகாது.

ஓட்டிப் பார்க்கக் கொடுத்த வண்டியில் முதலில் பின் ஆக்ஸிலை ஆராயுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, என்ஜினை ஆஃப் செய்து, கியரில் விட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால், இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் இருக்கிறது, நல்லது. இரண்டுமே இறுகி, சேர்ந்தாற்போல அசைந்தால் நேர் ஆக்ஸில். திருப்பத்தில் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு வழியில்லாததால் வண்டி நேரே போகப் பார்க்கும், டயர் தேய்ந்து சத்தம் போடும். ஒன்று தாராளமாகச் சுற்றி மற்றது அசையாவிட்டால் ஒரு சக்கரத்துக்கு மட்டும் இழுவை. ஆக்ஸிலரேட்டர் முறுக்கும்போது ஒரு பக்கமும், விடும்போது மறு பக்கமும் வண்டி கோணிக்கொள்ளும். மழைநாளில் அதை ஓட்ட நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பிறகு முன் ஃபோர்க். இரண்டு சக்கரத்துக்காக வைத்த கோணத்தையே விட்டுவைத்திருந்தால் ஹேண்டில் கல்லாக இருக்கும். கோணத்தை மாற்றியவர்கள் ஹேண்டிலை இலகுவாக்கிவிடுவார்கள், ஆனால் சுமார் 15 முதல் 25 கி.மீ.க்குள் ஹேண்டில் இடமும் வலமுமாக ஆடலாம். கைகளை லேசாக வைத்து அந்த வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஆடினால் ஸ்டியரிங் டேம்பர் வேண்டும். இறுக்கிப் பிடித்து அடக்குவது மருந்தல்ல.

இந்த அமைப்பின் பலவீனம் எல்லோரும் பார்த்ததுதான்: ஆட்டோ எப்போது கவிழ்கிறது? திருப்பத்தில் பிரேக் போடும்போது. வேகம் வெளிப்பக்கம் தள்ளுகிறது, பிரேக் முன்பக்கம் தள்ளுகிறது. இரண்டும் சேரும் வெளி-முன் மூலையில் சக்கரமே இல்லை. ஸ்பைடர் மாதிரி முன்னால் இரண்டு இருந்தால் அந்த மூலையில் ஒரு சக்கரம் நிற்கும். அதனால் உங்கள் வண்டியில் திருப்பத்துக்கு முன்பே நேர்க்கோட்டில் பிரேக் முடிந்துவிட வேண்டும், உள்ளே லேசான ஆக்ஸிலரேட்டர் மட்டும். பின் இரண்டு சக்கரத்திலும் பிரேக் உண்டா என்று குனிந்து பாருங்கள். முன் டிஸ்க்கையும் ஒரு பக்க டிரம்மையும் வைத்து ஓட்டும் மாற்றங்கள் பிரேக் போடும்போது கோணிக்கொள்ளும்.

காலை இறக்கவே இறக்காதீர்கள். பின் சக்கரம் நேராக உங்கள் குதிகாலுக்குப் பின்னால் வருகிறது. ஊன்றிய காலின் மேல் தன் சக்கரமே ஏறுவது இந்த வகையின் பழைய விபத்து.

விபத்துக்குப் பிறகு இடது கால் பலவீனம். 15 வருடம் ஸ்கூட்டர் ஓட்டியவள், இப்போது இரண்டு பக்கமும் சைடு வீல் வைத்து ஓட்டுகிறேன். ஹம்ப் (வேகத்தடை) பக்கம் போனால் சில சமயம் பின் சக்கரம் காலியாகச் சுற்றுகிறது. ஓரமாகப் போனால் இடப்பக்கம் இழுக்கிறது. பழகிவிடும் என்கிறார் பொருத்தியவர்.
– வாசகி, விவேக்நகர்

இழுப்பது பழகும். ரோட்டின் சரிவு இடது ஓரத்துக்கு, சாயாத வண்டி அதோடு போகும். கூடியவரை லேனின் நடுவில் ஓட்டுங்கள்.

சக்கரம் காலியாகச் சுற்றுவதைப் பழகக் கூடாது. இழுக்கும் சக்கரம் நடுவில் இருப்பது, பெரும்பாலும் பின் பிரேக்கும் அதில்தான். சைடு வீல் தேவைக்கு மேல் கீழே இறங்கியிருந்தாலோ ஸ்பிரிங் விறைப்பாக இருந்தாலோ, பள்ளத்தில் நடுச் சக்கரம் தொங்கும். அந்தக் கணத்தில் இழுவை இல்லாதது மட்டுமில்லை, பின் பிரேக்கும் இல்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம். எடை பார்க்கும் மெஷின் ஒன்று, அதே உயரமுள்ள மூன்று பலகைகள். சமதளத் தரையில் ஒரு சக்கரத்தை மெஷினிலும் மற்றவற்றைப் பலகையிலும் ஏற்றி, நீங்கள் வழக்கம்போல் உட்கார்ந்து, எடையை இன்னொருவர் படிக்கட்டும். மெஷினை மாற்றி மாற்றி, பின்னால் உள்ள மூன்றையும் அளந்து எழுதுங்கள். வலது, இடது சைடு வீல்கள் இரண்டு மூன்று கிலோவுக்குள் சமமாக இருக்க வேண்டும். நடுச் சக்கரம் அந்த இரண்டின் கூட்டுத்தொகையைவிட அதிகம் சுமக்க வேண்டும். குறைவாக இருந்தால் இரண்டு ஸ்பிரிங்கையும் ஒரே அளவு தளர்த்தச் சொல்லுங்கள், ஒரு பக்கம் மட்டும் அல்ல. தளர்த்திய பிறகு நின்ற இடத்திலேயே வண்டி ஒரு பக்கம் சரிந்தால் அளவு மீறிவிட்டது. பொருத்தியவரிடம் அந்தக் காகிதத்தை நீட்டுங்கள், பேச்சு குறையும்.

ஹம்ப்பில் நேராக ஏறுங்கள். குறுக்காக ஏறினால் ஒரு சைடு வீல் முதலில் தூக்கும், வண்டி முழுக்கப் புரளும். சந்துகளில் இருக்கும் அரை ஹம்ப்பின் ஓரத்து இடைவெளியில் நுழையும் பழைய ஸ்கூட்டர் பழக்கம் இனி ஆகாது. இந்த மாற்றம் ஆர்.சி.யில் 'அடாப்டட் வெஹிகிள்' (மாற்றுத்திறனாளிக்காக மாற்றிய வண்டி) என்று ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 2019 திருத்தத்துக்கு முன் 'இன்வேலிட் கேரேஜ்' என்று இருந்த வகைதான்.

மூன்று சக்கரம் வாங்கினால் மைசூரு எக்ஸ்பிரஸ்வேயில் போகலாமா? பைக்குக்குத்தானே தடை?
– வாசகர், ராமமூர்த்தி நகர்

2023 ஆகஸ்ட் 1 முதல் அமலில் உள்ள தடை இரண்டு சக்கரத்துக்கும் மூன்று சக்கரத்துக்கும் சேர்த்துத்தான். சர்வீஸ் ரோடுதான் உங்களுக்கு.

பழைய ஸ்கூட்டருக்கு சைடு கார் கிடைத்திருக்கிறது. அதுவும் மூன்று சக்கரக் கணக்கா?
– வாசகர், அல்சூர்

ஓட்டும் விதத்தில் ஆமாம், சட்டத்தில் இல்லை. கழற்றக்கூடிய சைடு காரோடு சேர்ந்ததையும் மோட்டார் சைக்கிள் என்றே சட்டத்தின் 2(27) பிரிவு சொல்கிறது. நம் ஊரில் அது இடப்பக்கம் வரும். ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கும், பிரேக் போட்டால் வலப்பக்கம். இடது திருப்பத்தில் காலி சைடு கார் தூக்கும். பழகும் வரை அதில் 30 கிலோ மணல் மூட்டை வையுங்கள், மனைவியை அல்ல. சைடு கார் சக்கரம் முன்பக்கம் 12 முதல் 20 மி.மீ. உள்நோக்கி இருக்கணும். ஸ்கூட்டர் ஒன்றிரண்டு டிகிரி வலப்பக்கம் சாய்ந்து நிற்கணும்.

யமஹா நைக்கனும் மூன்று சக்கரம்தானே? அதற்கும் ஆட்டோ பாடமா?
– கல்லூரி மாணவர், ஆஸ்டின் டவுன்

இல்லை. முன்னால் இரண்டு சக்கரம் இருந்தாலும் நைக்கன் 45 டிகிரி வரை சாயும். கைப்பிடியைத் தள்ளும் பழைய வித்தைதான் அதற்கு. நின்றால் தானாக நிற்காது, கால் ஊன்றாவிட்டால் விழும். அதே மாதிரி சாயும் மூன்று சக்கர ஸ்கூட்டரான பியாஜியோ எம்.பி.3-யில் சாய்வைப் பூட்டும் ஏற்பாடு உண்டு. கோணலாக இருக்கும்போது பூட்டி நின்று, ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் பூட்டு விலகினால் வண்டி திடுக்கென்று சரியும். நேராக்கிவிட்டுப் பூட்டுங்கள்.

வீட்டில் ஸ்கூட்டரும் இருக்கும், மூன்று சக்கரமும் இருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டலாமா?
– வாசகர், மர்பி டவுன்

ஓட்டலாம். முதல் மாதம் ஒரே நாளில் இரண்டையும் தொடாதீர்கள். மூன்றுக்குப் பழகியவர் ஸ்கூட்டரில் தடுமாறுவது வளைவில் இல்லை, முதல் சிக்னலில்: வண்டி நிற்கும், கால் மிதியிலேயே இருக்கும், அப்படியே பக்கவாட்டில் சாய்வார். ஸ்கூட்டரை எடுத்ததும் கேட்டைத் தாண்டுவதற்குள் மூன்று முறை நிறுத்தி, மூன்று முறையும் காலை ஊன்றிவிட்டுக் கிளம்புங்கள்.